வாசகர் கேள்வி பதில்: இரண்டு கடை, ஒரே நெட்வொர்க்

ரூட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே விபிஎன் (இணையத்தின் மேல் இரண்டு இடங்களைப் பூட்டிய தனி வழியால் இணைக்கும் முறை) போடுவது பற்றிச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மைக்ரோடிக் ரூட்டரை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். வேறு பிராண்டு வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்தான் மாறும். முகவரி எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு.

பட்டணத்தில் எங்கள் உரக்கடை. கோலகங்சாரில் கிளை திறந்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் யூனிஃபை இணைய லைன். பில் போடும் கணினி தலைமைக் கடையில் இருக்கிறது. கிளையில் இருப்பவர்களும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும். ரூட்டரிலேயே விபிஎன் போடலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
*உரக்கடை உரிமையாளர், சுங்கை சிப்புட்*

ரூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள், ஐயா. விபிஎன் போடும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாள் முழுக்க இழுத்தடிப்பது முகவரிக் குழப்பம்தான்.

கடையில் ஒரு கணினியின் ஐபி எண்ணையும் கிளையில் ஒரு கணினியின் ஐபி எண்ணையும் எழுதிப் பாருங்கள். இரண்டும் 192.168.1 என்றோ 192.168.0 என்றோ தொடங்கினால் இந்த வகை விபிஎன் சரியாக ஓடாது. கிளைக் கணினி 192.168.1.10-ஐத் தேடும்போது, அது தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளூர் கேபிளில் கூப்பிட்டுப் பார்க்கும். ரூட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. ரூட்டரின் கைக்கே வராத பாக்கெட்டை ரூட்டர் எப்படி அனுப்பும்? அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள் (/24 என்றால் முதல் மூன்று எண்ணும் பொதுவான முகவரிக் கூட்டம், /30 என்றால் இரண்டே ரூட்டருக்கு இடம் உள்ள சிறு கூட்டம், /32 என்றால் ஒரே முகவரி):

தலைமைக் கடை: 10.31.1.0/24
கிளை: 10.31.2.0/24
டனலுக்கு (இரு ரூட்டருக்கும் இடையிலான அந்த விபிஎன் வழிக்கு) மட்டும்: 10.31.255.0/30

நாளைக்கு இன்னொரு கிளை வந்தால் 10.31.3 தயாராக இருக்கும். எண்ணை மாற்றும்போது, கையால் முகவரி கொடுக்கப்பட்ட பொருள்களை மறந்துவிடக் கூடாது. பிரிண்டர், சிசிடிவி பெட்டி, கார்டு தேய்க்கும் கருவி, வருகைப் பதிவுக் கருவி ஆகியவை பழைய எண்ணிலேயே நின்றுவிடும். கடை அடைத்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தப் பக்கத்துக்கு உண்மையான வெளி முகவரி (இணையத்திலிருந்து நேராக அடையக்கூடிய எண்) இருக்கிறது என்று பாருங்கள். ரூட்டருக்குள் வேன் (வெளி இணையம் வந்து சேரும் இணைப்பு) என்ற இடத்தில் காட்டும் எண்ணையும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் இணையதளம் சொல்லும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண் தெரிந்தால், சேவை நிறுவனம் பல பேரை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். 192.168 என்று தெரிந்தால் உங்கள் ரூட்டருக்கு முன்னால் நிறுவனத்தின் ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முனையில் ஒன்றுக்காவது வெளி முகவரி இருந்தால் போதும்.

முன்னால் இருக்கும் அந்த ரூட்டரை என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஃபைபர் பெட்டியிலிருந்து நேராக மைக்ரோடிக்குக்குக் கேபிள் கொடுத்து, யூனிஃபை இணையம் வரும் விலேன் 500-ன் (ஒரே கேபிளுக்குள் எண்ணிட்டுப் பிரித்த வழி) மேல் பிபிபிஓஇ (பயனர் பெயர் கொடுத்து இணையத்தில் நுழையும் முறை) இணைப்பை மைக்ரோடிக்கிலேயே போடலாம். இதற்கு உங்கள் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்தின் ரூட்டரை அப்படியே விட்டுவிட்டு, விபிஎன் போர்ட்டை (விபிஎன் பாக்கெட்டுகள் நுழையும் வாசல் எண்) மட்டும் அதிலிருந்து மைக்ரோடிக்கின் முகவரிக்குத் திருப்பிவிடலாம். இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. முன் ரூட்டரின் வைஃபையில் இணைந்த மடிக்கணினிகள் மைக்ரோடிக்குக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு டனல் தெரியாது. முடிந்தால் முதல் வழியையே எடுங்கள்.

இனி விபிஎன். உங்களுக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் முறை பொருந்தும். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் 7 இருக்க வேண்டும். 6-ல் வயர்கார்ட் கிடையாது. மெனு தெரியவில்லை என்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள். தலைமைக் கடை ரூட்டரில் வின்பாக்ஸ் (மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருள்) வழியாக நுழைந்து இப்படிச் செய்யுங்கள்.

வயர்கார்ட் மெனுவில் ஒரு புது இன்டர்ஃபேஸ். போர்ட் 13231, எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420. சேமித்தவுடன் ரகசிய விசையும் பொது விசையும் தானாக உருவாகும். பொது விசை 44 எழுத்து நீளம், கடைசியில் சமக்குறி இருக்கும். அந்தச் சமக்குறியை விட்டுவிட்டு நகலெடுப்பவர்கள் நிறையப் பேர். ரகசிய விசை அந்த ரூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது, வாட்ஸ்அப்பிலும்கூட.

அந்த இன்டர்ஃபேஸுக்கு 10.31.255.1/30 முகவரி கொடுங்கள். பிறகு பியர், அதாவது மறுமுனை ரூட்டரின் பதிவு, ஒன்றைச் சேருங்கள். இதில் கிளையின் பொது விசையைப் போட வேண்டும். அலவ்ட் அட்ரஸ் என்ற இடத்தில் 10.31.255.2/32, 10.31.2.0/24 என்று இரண்டும் வர வேண்டும். அந்த இடம் இரட்டை வேலை செய்கிறது. வெளியே போகும் பாக்கெட்டை எந்தப் பியருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அதுதான், உள்ளே வரும் பாக்கெட்டை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வதும் அதுதான். 10.31.2.0/24-ஐ மறந்தால் ரூட்டர்கள் ஒன்றையொன்று பிங் செய்துகொள்ளும் (கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று சோதிக்கும்), கணினிகள் செய்யாது.

பிறகு ரூட், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பதிவு. 10.31.2.0/24-க்கு கேட்வே (வெளியே போகும் வாசல்) அந்த வயர்கார்ட் இன்டர்ஃபேஸ். அலவ்ட் அட்ரஸ் கொடுத்துவிட்டோமே, ரூட் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ரூட்டர்ஓஎஸ் அதைச் செய்யாது. கையால்தான் போட வேண்டும்.

கடைசியாக ஃபயர்வால். இன்புட் பகுதியில் (ரூட்டருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இடம்) யுடிபி (பாக்கெட் அனுப்பும் ஒரு முறை) 13231-ஐ அனுமதிக்கும் விதி ஒன்று. அது ‘லேனிலிருந்து (கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து) வராததையெல்லாம் தள்ளு’ என்ற விதிக்கு மேலே இருக்க வேண்டும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன, கீழே வைத்தால் பயனில்லை. வயர்கார்ட் இன்டர்ஃபேஸை லேன் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளையிலிருந்து தலைமைக் கடை ரூட்டருக்குள் நுழையவோ அதை பிங் செய்யவோ முடியாது.

கிளையில் இதையே கண்ணாடி பிம்பமாகச் செய்யுங்கள். முகவரி 10.31.255.2/30. பியரில் தலைமைக் கடையின் பொது விசை. அலவ்ட் அட்ரஸில் 10.31.255.1/32, 10.31.1.0/24. ரூட் 10.31.1.0/24-க்கு. கூடுதலாக எண்ட்பாயிண்ட் (கூப்பிட வேண்டிய மறுமுனையின் முகவரி) இடத்தில் தலைமைக் கடையின் பெயரும் போர்ட் 13231-ம், பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (வழி மூடாமல் இருக்க அனுப்பும் வெற்றுப் பாக்கெட்டின் இடைவெளி) 25 வினாடியும் வேண்டும்.

‘பெயர்’ என்று ஏன் சொல்கிறோம் என்றால், யூனிஃபை வீட்டு லைனின் முகவரி நிலையானதல்ல. மைக்ரோடிக்கின் ஐபி கிளவுட் மெனுவில் டிடிஎன்எஸ்ஸை (மாறும் எண்ணைப் பின்தொடரும் பெயர் சேவை) இயக்கினால் மாறாத பெயர் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். ஆனால் தலைமைக் கடையின் எண் மாறும்போது, கிளை ரூட்டர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும். இரு பக்கமும் வெளி முகவரி இருந்தால் எண்ட்பாயிண்டையும் கீப்அலைவையும் இரு பக்கமும் போட்டு, கிளையிலும் யுடிபி 13231-ஐத் திறந்துவிடுங்கள். எண் மாறிய பக்கமே முதலில் பேசும், மறுபக்கம் புது எண்ணைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம்தான் வெளி முகவரி என்றால், நெட்வாட்ச்சில் 10.31.255.1-ஐக் கண்காணித்து, அது விழுந்தால் பியரை நிறுத்தி மறுபடி இயக்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும்.

எல்லாம் முடிந்தபின் பியரில் ‘லாஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (இரு முனையும் விசையைச் சரிபார்த்துக் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) பாருங்கள். போக்குவரத்து இருக்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். மூன்று நிமிடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டனல் செத்துவிட்டது.

ஹேண்ட்ஷேக்கே வரவில்லையா? வயர்கார்ட் தவறான விசைக்குப் பதிலே சொல்லாது, பிழைச் செய்தியும் தராது. வெளியிலிருந்து துழாவுபவனுக்கு அங்கே ஒரு போர்ட் இருப்பதே தெரியாது. பாதுகாப்புக்கு அது நல்லது, பழுது பார்ப்பவருக்குத் தொல்லை. அதனால் தலைமைக் கடை ஃபயர்வாலில் நீங்கள் போட்ட யுடிபி 13231 விதிக்கு நேரே இருக்கும் பாக்கெட் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது பூஜ்யத்திலேயே நின்றால் பாக்கெட் வந்து சேரவில்லை. முன் ரூட்டரின் போர்ட் திருப்பலையோ டிடிஎன்எஸ் பெயரையோ பாருங்கள். எண்ணிக்கை ஏறுகிறது, ஹேண்ட்ஷேக் மட்டும் இல்லை என்றால் விசை மாறிப் போயிருக்கிறது, அல்லது ரூட்டரின் கடிகாரம் தப்பு. கடிகாரம் பற்றிக் கீழே இன்னொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஹேண்ட்ஷேக் வருகிறது. கிளை ரூட்டரிலிருந்து தலைமை ரூட்டரை பிங் செய்ய முடிகிறது. ஆனால் அங்கிருக்கும் கணினி மட்டும் பதில் தரவில்லை. பகிர்ந்த ஃபோல்டரும் திறக்கவில்லை.
*கிளினிக் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்*

அம்மா, உங்கள் டனல் நன்றாகவே இருக்கிறது. அதைக் கலைக்க வேண்டாம். கிளையில் ஒரு கணினியிலிருந்து தலைமை இடத்தின் பிரிண்டரையோ சிசிடிவி பெட்டியையோ பிங் செய்து பாருங்கள். அவை பதில் தந்து, விண்டோஸ் கணினி மட்டும் தரவில்லை என்றால் காரணம் விண்டோஸ் ஃபயர்வால். கோப்புப் பகிர்வுக்கும் பிங்குக்கும் உள்ள அதன் விதிகள், பிரைவேட் நெட்வொர்க்கில் ‘லோக்கல் சப்நெட்’ (அதே உள்ளூர் நெட்வொர்க்) என்று மட்டும் அனுமதிக்கின்றன. 10.31.2-லிருந்து வருபவர் அதற்கு வெளியாள்.

ஃபயர்வாலையே அணைத்துவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நோயாளிகளின் விவரம் இருக்கும் கணினி அது. அட்வான்ஸ்டு அமைப்புக்குள் போய், ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ விதிகளில் எக்கோ ரிக்வெஸ்ட் (பிங்), எஸ்எம்பி-இன் (கோப்புப் பகிர்வு) ஆகிய இரண்டின் ஸ்கோப் பகுதியில் 10.31.2.0/24-ஐச் சேருங்கள். அதற்கு மேல் எதுவும் திறக்க வேண்டாம்.

பிரிண்டரும் பதில் தரவில்லை என்றால், அந்தப் பொருள்களின் டிஃபால்ட் கேட்வேயைப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு ரூட்டர் இருந்து, கணினி பழைய ரூட்டரைக் கேட்வேயாக வைத்திருந்தால், கேள்வி டனல் வழியாக வரும், பதில் பழைய ரூட்டர் வழியாக எங்கோ போய்விடும்.

ஃபோல்டரைக் கணினியின் பெயரால் தேடுகிறீர்களா? பெயரைக் கூவித் தேடும் முறை அந்தந்த நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும், ரூட்டரைத் தாண்டாது. ஐபி எண்ணால் திறந்து பாருங்கள். பெயர்தான் வேண்டும் என்றால் கிளை ரூட்டரின் டிஎன்எஸ்ஸில் (பெயரை எண்ணாக மாற்றும் பட்டியல்) நிலையான பதிவு ஒன்று போட்டு, அந்தக் கணினிக்குத் தலைமை ரூட்டரின் டிஹெச்சிபியில் (கணினிகளுக்கு எண் கொடுக்கும் சேவை) மாறாத எண் ஒதுக்குங்கள்.

பிங் அழகாகப் போகிறது. சின்னக் கோப்பு திறக்கிறது. பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் உறைந்துவிடுகிறது. லைன் மோசமா?
*அச்சகம் வைத்திருக்கும் வாசகர்*

லைனைக் குறை சொல்ல வேண்டாம், இது எம்டியு. பிங் பாக்கெட் சின்னது, கோப்பின் பாக்கெட் பெரியது. வயர்கார்ட் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் உறையைச் சுற்றுகிறது. வெளியே ஐபிவி4 (பழைய வகை முகவரி) என்றால் 60 பைட், ஐபிவி6 (புது வகை முகவரி) என்றால் 80 பைட். பிபிபிஓஇ லைனில் அதிகபட்சம் 1492 பைட்தான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1420-ம் 60-ம் 1480, அது நுழையும். 1420-ம் 80-ம் 1500, அது நுழையாது. டிடிஎன்எஸ் பெயர் ஐபிவி6 முகவரியைத் தரத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கோளாறு தலைகாட்டும். எதையும் மாற்றவில்லையே, எப்படிக் கெட்டது என்று நீங்கள் திகைப்பீர்கள்.

இரு முனையிலும் வயர்கார்ட் எம்டியுவை 1412 ஆக்குங்கள். அதோடு ஃபயர்வால் மேங்கிளில் (பாக்கெட்டைத் திருத்தும் இடம்), ஃபார்வர்ட் பகுதியில், வயர்கார்ட் வழியாக வெளியே போகும் டிசிபி சின் (இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டுகளின் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டாவின் உச்ச அளவை) ‘கிளாம்ப் டு பிஎம்டியு’ என்று வைக்கும் விதி ஒன்றைப் போடுங்கள். இதையும் இரு முனையிலும் செய்ய வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, விண்டோஸ் பிங்கில் பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1384 பைட் அனுப்புங்கள். பிங்கின் சொந்தத் தலைப்பு 28 பைட் சேர்ந்து 1412 ஆகும். 1384 போய் 1385 போகவில்லை என்றால் அமைப்பு நீங்கள் நினைத்தபடியே இருக்கிறது. 1384-ம் போகவில்லை என்றால் வழியில் இன்னும் குறுகலான இடம் இருக்கிறது. பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போய், போகிற எண்ணோடு 28-ஐக் கூட்டி எம்டியுவாக வையுங்கள். 4ஜி லைனில் இது அடிக்கடி தேவைப்படும்.

எங்கள் தோட்ட அலுவலகத்துக்கு ஃபைபர் வரவில்லை. 4ஜி சிம் போட்ட ரூட்டர்தான். வெளி முகவரி இல்லை. பட்டணத்து அலுவலகத்தோடு இணைக்க வழி உண்டா?
*தோட்டக் கிராணி*

உண்டு. பட்டணத்தில் வெளி முகவரி இருந்தால் கவலையே வேண்டாம். மேலே உரக்கடைக்காரருக்குச் சொன்ன அமைப்பில் உங்கள் தோட்டம்தான் கிளை. பேச்சைத் தொடங்குவது எப்போதும் தோட்டத்து ரூட்டராக இருக்க வேண்டும். பட்டணத்து ரூட்டரில் உங்கள் பியருக்கு எண்ட்பாயிண்டைக் காலியாக விடுங்கள்.

கீப்அலைவ் 25 வினாடி உங்களுக்குக் கட்டாயம். கைபேசி நிறுவனத்தின் நேட் (பல பேரை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் அமைப்பு), பேச்சில்லாத யுடிபி வழியைச் சீக்கிரம் மூடிவிடும். மூடிய பிறகு பட்டணத்திலிருந்து தோட்டத்தைக் கூப்பிட முடியாது, தோட்டத்திலிருந்து யாராவது எதையாவது அனுப்பினால்தான் மறுபடி திறக்கும். ‘காலையில் வருகிறது, மத்தியானம் போய்விடுகிறது’ என்று சொல்லப்படும் கோளாறு பெரும்பாலும் இதுதான். டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 25 வினாடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 3,456 பாக்கெட், ஒவ்வொன்றும் 60 பைட். ஹேண்ட்ஷேக்கையும் சேர்த்தால்கூட மாதம் 20 எம்பியைத் தாண்டாது.

இரு பக்கமும் 4ஜி, எங்கும் வெளி முகவரி இல்லை என்றால், நடுவில் ஒரு ஆள் வேண்டும். நிலையான முகவரியோடு மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய லினக்ஸ் சர்வர் போதும். 2020-ல் வந்த 5.6 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) வயர்கார்ட் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இரு ரூட்டரும் அந்தச் சர்வரைக் கூப்பிடும், அது ஒன்றிலிருந்து வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும். இங்கே இரண்டு விஷயம் தவறிப் போகும். சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (வந்த பாக்கெட்டை அடுத்தவருக்குக் கடத்தும் வசதி) இயக்கப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்து ரூட்டரில் சர்வர் பியரின் அலவ்ட் அட்ரஸில் பட்டணத்து நெட்வொர்க்கும், பட்டணத்து ரூட்டரில் அதே இடத்தில் தோட்டத்து நெட்வொர்க்கும் இருக்க வேண்டும். சர்வரின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு ஏன் வரவில்லை என்று தேடாதீர்கள். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் சர்வராகப் பார்த்து எடுங்கள். ஐரோப்பாவில் எடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அங்கே போய்த் திரும்ப வேண்டும்.

இடி மழைக்குப் பிறகு கரண்ட் போய் வந்தால் இணையம் வருகிறது, விபிஎன் மட்டும் வருவதில்லை. மறுமுனை ரூட்டரை அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது. ஏன்?
*இரும்புக்கடை வாசகர், தாமான் முகப்பு*

கடிகாரம். பல ரூட்டர்களுக்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நேரம் பின்னுக்குப் போய்விடும். வயர்கார்ட் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேர முத்திரை ஒன்றை வைக்கிறது. மறுமுனை, ஒரு பியரிடமிருந்து கடைசியாகக் கண்ட முத்திரையை நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழைய முத்திரையோடு வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்புகிறார்கள் என்று கருதிச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். மறுமுனையை அணைத்துப் போட்டதும் அந்த நினைவு அழிகிறது, அதனால் டனல் வருகிறது.

என்டிபி கிளையன்டை (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வசதி) இரு ரூட்டரிலும் இயக்குங்கள். நேரம் கேட்கும் சர்வர் வெளி இணையத்தில் இருக்க வேண்டும். தலைமைக் கடைக்குள் இருக்கும் சர்வரை வைத்தால், நேரம் வர டனல் வேண்டும், டனல் வர நேரம் வேண்டும் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

இடி என்று நீங்கள் குறிப்பிட்டதால் இன்னொன்று. ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. மின்னல் உள்ளே வருவது பவர் அடாப்டர் வழியாகவும், கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செப்பு நெட்வொர்க் கேபிள் வழியாகவும்தான். கடைக்கும் பின்னால் இருக்கும் ஸ்டோருக்கும் வெட்டவெளியில் நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தால் அதை எடுத்துவிட்டு ஃபைபர் போடுங்கள். ஒவ்வொரு மழைக்கும் ஒரு போர்ட் கருகும் செலவை நினைத்தால் அது மலிவு.

ரூட்டர் கருகிப்போனால் புதிதில் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டிவரும். அதனால் அமைப்பை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ரூட்டர்ஓஎஸ் 7-ல் சாதாரண எக்ஸ்போர்ட் ரகசிய விசைகளை எழுதாது, ‘ஷோ சென்சிடிவ்’ என்ற சொல்லைச் சேர்த்தால்தான் எழுதும். விசை இல்லாத கோப்பை வைத்துக்கொண்டு புது ரூட்டரை அமைத்தால் அது புது விசை உண்டாக்கும், மறுமுனையில் பியரின் விசையையும் மாற்ற வேண்டியதாகிவிடும். விசையோடு கூடிய கோப்பை பென் டிரைவில் வைத்துப் பூட்டி வையுங்கள்.

பிபிடிபி போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்கிறார் எங்கள் டெக்னீஷியன். போடலாமா?
*மளிகைக்கடை வாசகர்*

வேண்டாம். அந்தப் பழைய விபிஎன் முறை நம்பும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பை (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) உடைக்கலாம் என்று 2012-லேயே எல்லார் முன்னும் காட்டிவிட்டார்கள். ஆப்பிள் 2016-ல் ஐஓஎஸ் 10-லிருந்து அதை நீக்கியது. ஐபிசெக் (பாக்கெட்டைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாத தனி எல்2டிபியும் (இன்னொரு விபிஎன் முறை) வேண்டாம், அதில் பூட்டே கிடையாது.

உங்கள் ரூட்டரில் வயர்கார்ட் இல்லை என்றால் ஐபிசெக் ஐகேஇவி2 (இரு முனையும் விசையைப் பேசி முடிக்கும் முறை) போடச் சொல்லுங்கள். யுடிபி 500, 4500 இரண்டும் திறந்திருக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு ஏஇஎஸ்-256, ஷா-256, டிஹெச் குரூப் 14. இரண்டாம் கட்டத்தையும் இரு ரூட்டரிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வைக்க வேண்டும். வேறு வேறு பிராண்டு ரூட்டர்களை இணைக்கும்போது டெக்னீஷியன்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஐபிசெக்கில் இன்னொரு கண்ணி. உள்ளூரிலிருந்து மறு கிளைக்குப் போகும் பாக்கெட்டை மாஸ்கரேட் (அனுப்புபவரின் முகவரியை ரூட்டரின் முகவரியாக மாற்றுவது) செய்யக் கூடாது. அதற்கு விலக்குத் தரும் விதி நேட் பட்டியலில் மாஸ்கரேட்டுக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கனெக்டட்’ என்று காட்டும், ஒரு பைட்டும் போகாது.

இரு பக்கமும் 300 எம்பிபிஎஸ் லைன். ஆனாலும் கிளையில் கணக்கு மென்பொருள் ஆமை வேகம். ரூட்டரை மாற்றினால் சரியாகுமா?
*மோட்டார் உதிரிபாகக் கடை வாசகர்*

பணத்தைச் செலவழிக்கும் முன் அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். டேட்டாபேஸ் வெறும் கோப்பாகப் பகிர்ந்த ஃபோல்டரில் கிடந்தால், ஒரு பில்லைத் திறக்கவே கிளைக் கணினி நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்கும். கடைக்குள் ஒரு கேள்விக்குப் பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வரும். டனல் வழியாக 15 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். 500 கேள்விக்கு ஏழரை வினாடி. லைன் 300 ஆனாலும் 1,000 ஆனாலும் அந்த ஏழரை வினாடி குறையாது. அதைவிட மோசம், எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் கோப்பே சிதையலாம்.

இதற்கு நல்ல வழி ரிமோட் டெஸ்க்டாப். மென்பொருள் தலைமைக் கடைக் கணினியிலேயே ஓடட்டும், கிளைக்கு அதன் திரை மட்டும் வரட்டும். அந்தக் கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும், ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும் என்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமமும் தேவை, அல்லது ஆளுக்கு ஒரு கணினி. சர்வர் வகை டேட்டாபேஸில் ஓடும் பதிப்பு அதே மென்பொருளுக்கு இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

உங்கள் கடிதத்தில், முன்பு ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389-ஐ வெளியே திறந்து வைத்து வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திறப்பு இன்னும் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உலகம் முழுவதிலிருந்தும் அந்தப் போர்ட்டைத் தட்டிக் கடவுச்சொல் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று. ஒரு சின்னக் கடையின் பல வருடக் கணக்கு ஒரே இரவில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். டனல் வந்தபின் அந்தத் திறப்புக்குத் தேவையே இல்லை. சிசிடிவிக்காகத் திறந்த போர்ட்டுக்கும் இது பொருந்தும். எட்டு கேமராவைக் கிளையிலிருந்து முழுத் தரத்தில் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 32 எம்பிபிஎஸ் அப்லோட் போய்விடும். சப்-ஸ்ட்ரீம் (கேமரா தரும் குறைந்த தரப் படம்) போதும்.

விபிஎன் போட்டால் கிளையில் யூடியூப் பார்ப்பதும் தலைமைக் கடை லைனைத் தின்னுமா?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

தின்னாது. 10.31.1.0/24-க்குப் போவது மட்டும்தான் டனலில் போகும், மற்றதெல்லாம் கிளையின் சொந்த லைனில். 0.0.0.0/0 என்று அலவ்ட் அட்ரஸிலும் ரூட்டிலும் போட்டால்தான் எல்லாம் தலைமைக் கடை வழியாகப் போகும்.

தோட்ட அலுவலகத்துக்கும் ஸ்டோருக்கும் 3 கிலோமீட்டர். விபிஎன்னுக்குப் பதிலாக இரு பக்கமும் வயர்லெஸ் டிஷ் வைத்து இணைத்துவிடலாமா? நடுவே செம்பனைதான்.
*தோட்ட நிர்வாக உதவியாளர்*

மரத்துக்கு மேலே பார்வை கிடைத்தால் வைக்கலாம். கிடைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிஷ்ஷும் உதவாது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை ஈரமான ஓலையை ஊடுருவாது. வெயில் நாளில் பிடிப்பது போலத் தெரிந்து, மழையில் அறுந்துவிடும்.

கண்ணுக்கு மறுமுனை தெரிந்தால் மட்டும் போதாது. 3 கிலோமீட்டர் இணைப்பில் நடுப்பகுதியில் அலைக்கு நேர்கோட்டைச் சுற்றிலும் சுமார் 6.2 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 3.7 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். வழியில் உள்ள மரம் 12 மீட்டர் என்றால், நிலம் சமமாக இருக்கும் பட்சத்தில், இரு பக்கமும் கம்பம் 16 மீட்டருக்கு மேல் போக வேண்டும். செம்பனை வருடாவருடம் வளரும். இன்றைக்கு அளந்து வைத்த கம்பம் நாலைந்து வருடத்தில் குட்டையாகிவிடும். மறுநடவு எப்போது என்று தோட்டத்தில் கேட்டு, அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரமான கம்பத்துக்கு இடிதாங்கியும் நல்ல எர்த்தும் தேவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரு பக்கமும் 4ஜியாவது கிடைக்கும் இடத்தில் விபிஎன்தான் கைக்கு அடங்கும். ஸ்டோரில் சிக்னலே இல்லை, ஆனால் பக்கத்தில் மேடு ஒன்று இருக்கிறது என்றால், மேட்டில் ஒரு டிஷ், அங்கிருந்து ஸ்டோருக்கு இன்னொன்று என்று இரண்டு தாவலாக வைக்கலாம். மேட்டுக்கு மின்சாரம் எப்படிக் கொண்டுபோவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு டிஷ் வாங்குங்கள்.